மண்ணைப் பார்க்காத ஷூ

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பக்கவாதம் வந்தது. பேஸ்ட் நுரை வாயின் இடது ஓரமாக மட்டும் வழிந்து பனியனில் சொட்டியது. "சின்னக் குழந்தையா நீங்க" என்று திட்ட வந்த என் மனைவி பாதியில் நிறுத்திவிட்டு, "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். ஒன்றுதான் மேலே வந்தது. அவள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். விடை தப்பு என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். சட்டை மாட்டக்கூட விடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். தோள்பட்டையில் ஓட்டை விழுந்த பனியனோடு வந்ததைப் பற்றிப் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது. வீட்டில் அதற்கு யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. கை அடுத்த மாதத்துக்குள் ஓரளவு சொன்னபடி கேட்டது. இடது கால்தான் பிடிவாதம் பிடித்தது. தொடை வரும், முட்டி வரும், பாதத்தின் முன்பக்கம் மட்டும் தூக்காது. நடந்தால் பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டே பின்னால் வரும். எதிலாவது தட்டினால் நான் மூக்குக் குப்புற விழுவேன்.

இதெல்லாம் நடந்தது பிப்ரவரியில். மனைவி சம்பளமில்லா விடுப்பு எடுத்து என் கூடவே இருந்தாள். பள்ளி திறப்பது ஜூனில். அப்போதும் வர முடியாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று தலைமை ஆசிரியை போனில் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் நின்ற கரும்பலகை அது. அவள் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். பழைய விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, திருத்த ஒன்றும் இல்லாமல், சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஆகவே கணக்கு எளிது. நான் கட்டிலிலிருந்து எழுந்து, யாரும் பிடிக்காமல் பாத்ரூம் போய், அங்கிருந்து வாசல் கதவுவரை வந்து தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். அதைத் தனியாகச் செய்துவிட்டால் அவள் பள்ளிக்குப் போகலாம். இல்லையென்றால் ராஜினாமா.

எங்கள் வீடு பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. வாரம் மூன்று நாள் அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் மாதம் முழுக்கப் படுக்கையிலேயே பயிற்சி. பிறகு ஸ்ப்ளின்ட் வந்தது. முழங்காலுக்குக் கீழிருந்து உள்ளங்கால்வரை போகும் வளைந்த பிளாஸ்டிக் தகடு. அதை மாட்டி மேலே ஷூ போட்டால் பாதம் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். என் பழைய ஷூவுக்குள் அது நுழையவில்லை என்பதால், இடது காலுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கினோம். இரண்டு கடைக்காரர்கள் ஒற்றைக் கால் ஷூ விற்க முடியாது என்றார்கள். மூன்றாமவர் இரண்டு ஜோடியாகத் தலையில் கட்டினார்.

பயிற்சி, வீட்டுக்கு வெளியே இருந்த நீளமான பொது காரிடாரில். லிஃப்டிலிருந்து மாடிப்படிவரை இருபது அடி. ஸ்ப்ளின்ட், ஷூ, கையில் நாலு கால் ஊன்றுகோல். இரண்டாவது வாரமே நான் அங்கே ராஜநடை போட்டேன். லிஃப்டில் வந்த வாட்ச்மேன் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், ஜோரா நடந்துகினு இருக்கீங்க! நாளைக்கே ஸ்டேஷன் வரிக்கும் போயிடலாம்" என்றார்.

"வீட்டுக்குள்ள ஒரு நாளைக்கு நாலு தடவை இதே மாதிரி நடங்க சார்," என்றார் பிசியோ அம்மா. "பாத்ரூம், வாசல், திரும்ப கட்டில். அவ்வளவுதான்."

தலையாட்டினோம். கடமை தவறாமல் நடந்தும் பார்த்தேன். உள்ளே மட்டும் நடை வரவேயில்லை. விரல் தேய்ந்தது, முட்டி மடங்கியது, வழவழ டைல்ஸில் ஊன்றுகோல் வழுக்கியது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே என் புத்தக அலமாரி. இருபது வருடமாக நான் சேர்த்த அறிவெல்லாம் எனக்கு உருப்படியாகக் கைகொடுத்தது அப்போதுதான்: அலமாரியைப் பிடித்துக்கொண்டு போனேன். அது முடிந்ததும் மனைவியின் தோள். மே பாதி ஆகிவிட்டது.

"காரிடார்ல அவ்வளவு நல்லா நடக்கறீங்களே சார், பாத்ரூமுக்கு மட்டும் அக்கா ஏன் உங்களைப் பிடிக்க வேண்டியிருக்கு?" என்று பிசியோ அம்மா குழம்பினார். நான் பயம் என்றேன். மனைவி சோம்பேறித்தனம் என்றாள். மூளையில் இடத்துக்கு இடம் வேறு மாதிரி வேலை செய்யும் பகுதி ஏதாவது இருக்குமோ என்று ஒரு மருத்துவப் புத்தகத்தைக்கூடத் தேடிப் படித்தேன். படித்தவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஒரு நாள் கோடை மழை. காரிடாரெல்லாம் சாரல். "வழுக்கும், இன்னைக்கு உள்ளயே பண்ணலாம்" என்று பிசியோ அம்மா ஹாலில் நின்றார். நான் கட்டிலிலிருந்து எழுந்து, அலமாரியைத் தாண்டி, பெருவிரலால் தரையில் கோடு போட்டபடி வந்தேன். ஹால் நடுவில் கால் மடங்கியது. அவர் பாய்ந்து இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

உட்காரவைத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"ஸ்ப்ளின்ட் எங்க சார்?"

"வெளியதான். ஷூ ஸ்டாண்டுல."

"வெளியவா? வீட்டுக்குள்ள போடறதில்லையா?"

"ஷூவோட எப்படி மேடம் உள்ள..." என்று ஆரம்பித்த மனைவி, சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகக் குரலை இறக்கினாள். "சாமி அலமாரி ஹால்லதான இருக்கு. செருப்பு வாசல்ல விட்டுட்டுத்தான் வருவோம்."

ஐந்து வாரம். வாசல்படிக்கு அந்தப் பக்கம் நான் நடக்கும் மனிதன். உள்ளே நுழையும்போது, மனைவி குனிந்து என் நடையைக் கழற்றிச் செருப்போடு செருப்பாக ஸ்டாண்டில் வைத்துவிடுவாள். நாங்கள் இருவரும் பட்டதாரிகள். ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. செருப்பை யாராவது யோசித்துக் கழற்றுகிறார்களா?

பிசியோ அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "வீட்டுல நடங்கன்னு சொன்னேனே தவிர, போட்டுக்கிட்டு நடங்கன்னு சொல்லலையே நான்!" என்றவர், தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். வெறுங்கால். செருப்பு வாசலில், என் ஸ்ப்ளின்டுக்குப் பக்கத்தில். "தினம் நானும் அது பக்கத்துலயே கழட்டிட்டு வர்றேன் சார். ஒரு நாள்கூடத் தோணல."

முதலில் சிரித்தது மனைவிதான். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. என் நடை திரும்ப வேண்டும், ஷூ உள்ளே வரக் கூடாது. இரண்டில் எதையும் அவளால் விட முடியவில்லை. வெறும் ஸ்ப்ளின்டோடு நடக்கலாமா என்று கேட்டாள். பிளாஸ்டிக் டைல்ஸில் சறுக்கும், ஷூ கட்டாயம் என்றார் பிசியோ அம்மா.

தீர்வு கீழ் வீட்டிலிருந்து வந்தது. இரண்டாவது மாடியில் இருக்கும் பாய் குரோம்பேட்டையில் ஷூ தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு மேலே வந்தார். தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, என் ஸ்ப்ளின்டைக் கையிலெடுத்து, கல்யாண நகையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரக்கா, கவலைய வுடுங்க. எங்க வூட்லயும் தொழுவுற இடம் ஹால்லதான் கீது, எனக்குத் தெரியாதா? புதுசா ஒண்ணு தைக்கிறேன். பட்டறையிலேருந்து டப்பாவுல வரும். அண்ணன் கட்டில்ல உக்காந்தே மாட்டிக்கட்டும். வெளிய போவவே போவாது. மண்ணையே பாக்காத ஷூ."

"தோல் வேண்டாம்," என்றாள் மனைவி.

"துணிதாங்க்கா. அடியில ரப்பர். நாடா கெடையாது, ஒட்டறது. ஒரே கையில போட்டுக்கலாம்."

நான்காம் நாள் டப்பா வந்தது. சாம்பல் நிறம், இடது கால் அகலம், உள்ளே ஸ்ப்ளின்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவி அடிப்பாகத்தைத் திருப்பி ஒரு தூசி இல்லை என்று பார்த்துக்கொண்டாள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக் கிளப்பலாமா, புது வண்டி மாதிரி, என்று கேட்டேன். முறைத்தாள். ஆனாலும் நான் ஹாலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் ஓடிப்போய் சாமி அலமாரிக் கதவைச் சாத்துவாள், கடந்ததும் திறப்பாள். லெவல் கிராசிங் கேட் போல. ஒரு நாளைக்கு நாலு தடவை.

அந்த ஷூவோடு உள்ளே நடந்த முதல் நாளே புத்தக அலமாரியைப் பிடிக்கவில்லை. பத்து நாளில் தோளைப் பிடிக்கவில்லை. மே கடைசியில் தாழ்ப்பாளைத் திறந்தேன். வெளியே யாரும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

பள்ளி திறந்த அன்று அவள் விளக்கேற்றிவிட்டு, சாம்பார் வைத்துவிட்டு, பிளாஸ்க்கில் காப்பி ஊற்றி, போனை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள். பள்ளி தாம்பரம் போகும் வழியில், ஆட்டோவில் கால் மணி நேரம். "இடைவேளைல கூப்பிடுவேன். எடுக்கணும்."

பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். போன் கட்டிலில். நான் பால்கனியில். தனியாக அங்கேவரை போக முடியுமா என்று பார்க்கத் தோன்றியிருந்தது, முடிந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போகும் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மணி கேட்டதும் உடம்பு ஓடப் பார்த்தது. ஆனால் பிசியோ அம்மாவின் முதல் சட்டம்: போன் அடித்தால் அடிக்கட்டும், ஓடினால் விழுவீர்கள். நின்று, மூச்சு விட்டு, சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, ஊன்றுகோல், இடது, வலது என்று போனேன். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் கட்டிலை அடைந்தபோது ஏழு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை.

சமையலறையில் காப்பியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாவி திரும்பும் சத்தம், கதவு சுவரில் மோதும் சத்தம். தடதடவென்று ஹால், படுக்கையறை, பாத்ரூம். கடைசியில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் சாக்பீஸ் தூள், நெற்றியில் வேர்வை.

"ஏன் போன எடுக்கல?"

"அதை எடுக்கத்தான் நடந்து வந்துட்டிருந்தேன்."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். பிறகு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். காப்பியை அவளிடம் நீட்டினேன். குடித்தாள். அப்போதுதான் அவள் காலைக் கவனித்தேன்.

"செருப்பு," என்றேன்.

குனிந்து பார்த்தாள். திரும்பி ஹாலைப் பார்த்தாள். வாசலிலிருந்து படுக்கையறைக்கு, அங்கிருந்து பாத்ரூமுக்கு, பிறகு இங்கே, வெள்ளை டைல்ஸ் முழுக்க ஜூன் மாதத் தூசி, காலடி காலடியாக. நான் இரண்டு மாதமாகப் பழகிய அதே பாதை.

"துடைக்கறேன்னு ஈரம் பண்ணி வழுக்கி விழாதீங்க. சாயங்காலம் நான் வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள். மூன்றாவது பீரியட் ஆரம்பித்திருக்கும்.

ஆட்டோவிலிருந்து போன் வந்தது. இந்த முறை பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

"ஏங்க, நான் உள்ள வந்தப்ப சாமி அலமாரிக் கதவு?"

"திறந்துதான் இருந்தது. காலைல நீ விளக்கேத்தினதுலேருந்து."

ஹாரன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"நீங்க எத்தனை தடவை போனீங்க அது முன்னாடி?"

"நாலு."

"சரி, பரவாயில்ல," என்றாள். "மத்தியானம் சாப்பிட்டதும் இன்னொரு தடவை நடங்க."