லண்டன் காக்கா பார்த்த சந்தை

சாயல்குடியிலிருந்து கடலை ஒட்டியே வந்தால் சிப்பிமணல் என்று ஓர் ஊர் வரும். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனங்காடு, நடுவில் ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், ஒரு பிள்ளையார், இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்லதண்ணீர்க் கிணறு. ஒரு காலத்தில் அந்த ஊரில் மீரா சாகிபு வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். லண்டன் காக்கா வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் கரை முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். மீரா சாகிபை மட்டும் எல்லா சனமும் அப்படித்தான் கூப்பிட்டது.

லண்டனை அவர் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொன்னதும் இல்லை. அவர் ஐந்து நேரத் தொழுகையாளி, பொய் சொல்லமாட்டார். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அந்தக் கப்பல் பழுதாகி இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் கிடந்தது. ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். கூட வேலை செய்த வெள்ளைக்காரன், "லண்டனில் என்ன இருக்கிறது, புகைதான். ஒரு மார்க்கெட் டவுனைப் போய்ப் பார். பழைய ஊர், அழகான ஊர்" என்று சொல்லி ரயில் ஏற்றிவிட்டான்.

அது ஞாயிற்றுக்கிழமை. சிப்பிமணலிலும் சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். சரியான நாள் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறான் என்று மீரா சாகிபு மனசுக்குள் அவனுக்கு துஆச் செய்தார். வெள்ளைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது, கடையும் கிடையாது, ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

போய் இறங்கினால், கல் பாவிய பெரிய சதுக்கம். சுற்றிலும் சாய்ந்த ஓட்டு வீடுகள். நடுவில் தூண்கள் நிறுத்தி மேலே ஒரு மண்டபம், அதில் மணிக்கூண்டு. பக்கத்தில் படிக்கட்டு வைத்த ஒரு கல் சிலுவை. ஆள் என்று பார்த்தால் பெஞ்சில் ஒரு கிழவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "அய்யா, சந்தை எங்கே?" என்று மீரா சாகிபு தனக்குத் தெரிந்த கப்பல் இங்கிலீஷில் கேட்டார். கிழவர், "இதுதான் சந்தை" என்று தரையைக் காட்டினார். "ஜனங்கள் எங்கே?" என்று கேட்டதற்கு, பாவம், காது மந்தம், எழுநூறு வருஷத்துக்கு முந்திய ராஜாவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ராஜா இந்த ஊருக்குச் சந்தை கூட்டிக்கொள்ளச் சாசனம் கொடுத்தது, சிலுவையடியில் வெண்ணெய் விற்றது, வியாபாரத் தகராறு வந்தால் காலில் தூசி தட்டுவதற்குள் தீர்ப்புச் சொல்லும் கச்சேரி அந்தத் தூண் மண்டபத்தில் நடந்தது, எல்லாம் சொன்னார். மீரா சாகிபு மத்தியானம் வரை கேட்டார். ஒரு சத்தம் இல்லை. ஈ இல்லை, செதில் இல்லை, வாழைத்தண்டு இல்லை. சாயந்திர ரயிலில் திரும்பும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: வெள்ளைக்காரன் சந்தை கூட்டுகிற விதமே தனி. வாயைத் திறக்காமலே வியாபாரத்தை முடித்துவிட்டுப் போய்விடுகிறான்.

அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டு பத்து வருஷம் பேசினார். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள்கூட ஒரு நோன்போடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். இவர் நிறுத்தவில்லை. ஊரின் பெயர் மட்டும் ஒருநாளைக்கு 'பரி' என்று முடியும், மறுநாள் 'ஹாம்' என்று முடியும்.

சீனி முகம்மது டீக்கடையில்தான் இந்தப் பேச்சு நடக்கும்.

"நடுச் சந்தையில ஒரு குருசு நிக்கிது. வெண்ணெய்க் குருசுன்னு பேரு."

"வெண்ணெயாலயா செஞ்சு வச்சிருக்கான்?"

"கல்லுலே, கல்லு."

"பெறகு எதுக்கு வெண்ணெய்?"

"அதுக்கு அடியில வச்சு வெண்ணெய் வித்தாங்க."

"அப்ப நம்ம கெணத்தடியில ஜெபமாலை கருவாடு விக்கிறாளே, அதுக்குக் கருவாட்டுக் கெணறுன்னு பேரு வைப்போமா?" என்பார் சீனி முகம்மது. கடை சிரிக்கும். மீரா சாகிபும் சிரிப்பார். கோபம் என்பது அவருக்கு வராத வியாதி.

இது சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஒருநாள் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் நாகநாதன் டீ குடிக்க வந்தார். அவருக்கு ஒரே ஒரு குறை. பக்கத்து ஊர்களெல்லாம் டவுன் ஆகிக்கொண்டிருக்க, சிப்பிமணல் மட்டும் பஸ் நிற்காத கிராமமாகவே கிடக்கிறதே என்று அவர் ராத்தூக்கம் கெட்டிருந்தார்.

"காக்கா, அந்த ஊரு கிராமம்தானே? அத ஏன் டவுனுன்னு சொல்றாக?"

"சந்தை கூடுனா டவுனுதான் தம்பி. மார்க்கெட் டவுன்."

நாகநாதன் டீயைக் கீழே வைத்துவிட்டார். "நமக்குந்தான சந்தை கூடுது! அப்ப நாம இத்தன நாளும் டவுனாத்தான் இருந்திருக்கோம். ஒரு பயலுக்குந் தெரியலையே!"

அடுத்த மாதமே வேலை ஆரம்பித்தது. சாசனம் கொடுக்க ராஜா இல்லை. ராஜாக்களே பட்டாவுக்கு அலைந்த காலம் அது. அதனால் பஞ்சாயத்தே தனக்குத் தானே சாசனம் கொடுத்துக்கொண்டது. சந்தை நடுவில் ஒரு கல் நடுவதென்று தீர்மானமானது. குருசு என்றதும் மாதா கோயில் சனம் மேளத்தோடு வந்துவிட்டது. பள்ளிவாசல் பக்கம் முகம் சுருங்கியது. பிள்ளையார் பக்கத்தார், வைப்பதானால் வேல் வையுங்கள் என்றார்கள். கடைசியில் எல்லாருக்கும் சம்மதமாக, தலையில் ஒன்றுமே இல்லாத ஒரு கல்தூண் நின்றது. மூன்று மார்க்கத்து ஆடுகளும் அதில் ஒற்றுமையாக முதுகைத் தேய்த்துக்கொண்டன.

அதோடு விட்டிருந்தால் புண்ணியம். "இங்கிலீஷ்காரன் சந்தைக்கு அழகே அமைதிதான்" என்று மீரா சாகிபு சொன்னதை நாகநாதன் மறக்கவில்லை. சந்தையில் கூவி விற்கக்கூடாது, பேரம் பேசக்கூடாது, சுண்ணாம்புக் கோட்டுக்குள் வரிசையாக உட்கார வேண்டும், கருவாட்டைத் துணி போட்டு மூட வேண்டும். சந்தையில் சத்தம் போடக்கூடாது என்று மூன்று தெருவிலும் தமுக்கடித்துச் சத்தமாகச் சொன்னார்கள். மீறினால் அங்கேயே விசாரணை. கல்தூண் பக்கத்தில் நாற்காலி போட்டு நாகநாதனே நீதிபதியாக உட்கார்ந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை விசாரிக்கப்பட்ட ஒரே குற்றவாளி, கத்திய ஒரு சேவல்.

வாயைக் கட்டினால் சந்தை எப்படி நடக்கும்? இதுதான் விலை என்றால் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை இல்லை. குறைத்துக் கேட்க வாய் இல்லை. பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பார்க்கவும் வரவில்லை. பானைக்காரர் வண்டியைச் சாயல்குடிக்குத் திருப்பினார். மிளகாய்க்காரர் அவர் பின்னால் போனார். ஜெபமாலையால் மட்டும் போக முடியாது. அவளுக்குக் காலில் ஆனைக்கால். கிணற்றடிக்கு வருவதே பெரும்பாடு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அவள் தொண்டை. மாதா கோயில் பூசை முடிந்து அவள் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு சத்தம் கொடுத்தால் உப்பளத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அவள் ஒருநாள் மீரா சாகிபு வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"காக்கா, அந்தச் சீமையில கருவாடு விக்கிற பொம்பளைக எப்பிடித்தான் விக்கிறாளுக? சைகை காட்டியா?"

"நான் பொம்பளைகளப் பாக்கலம்மா."

"ஆம்பள வித்தானா?"

"ஆம்பளையவும் பாக்கல."

"கருவாட்டயாச்சும் பாத்தீகளா?"

மீரா சாகிபு தாடியைத் தடவினார். யோசித்துப் பார்த்தால் கருவாட்டையும் பார்க்கவில்லை.

"நான் கருவாட்ட விக்கல காக்கா. சத்தத்தத்தான் விக்கிறேன். கருவாடு அதோட கூடப் போகுது. அந்த நாகநாதன் ஒங்க பேச்சத்தான் வேதமாக் கேக்குறாரு. ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லாட்டி எம்பிள்ளைகளக் கூட்டியாந்து இங்கன ஒங்க வாசல்ல விடுறேன், சீமைக் கதை சொல்லியே வளத்துக்கோங்க."

அவர் மறுநாள் பிரசிடெண்டிடம் போனார். நாகநாதன் கேட்கிற நிலையில் இல்லை. அவருடைய மச்சான் கொடைக்கானலில் ஒரு துரைக்குக் கார் ஓட்டினான். வில்லட் துரை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஊருக்குப் போக மனசில்லாமல் மலையிலேயே தங்கிவிட்ட மனுஷர். அவர் தனுஷ்கோடிக்குத் தூண்டில் போட வருகிறாராம்; வழியில் நம் சந்தையைப் பார்க்கிறாராம். "அவரே ஒரு மார்க்கெட் டவுன்ல பெறந்தவராம் காக்கா! அவரு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், தீர்மானத்த நெரந்தரமாக்கிர்றேன். நீங்கதான் துபாசி, அவரு பேச்ச எங்களுக்குத் தமிழ்ல சொல்லணும்."

துரை வந்தார். மச்சான், காரைச் சுற்றிய கூட்டத்தை விரட்டுவதிலேயே நின்றுவிட்டான். முப்பது வருஷம் தமிழ் மண்ணில் 'சீக்கிரம்', 'சூடா' என்ற இரண்டு சொல்லோடு காலம் தள்ளியவர் துரை. மிச்ச எல்லாம் மீரா சாகிபு வாய் வழியாகத்தான் வர வேண்டும்.

சந்தைக்குள் வந்ததும் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் எட்டுப் பத்துப் பேர் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே துணி போர்த்திய குவியல்கள். துரை குரலைத் தாழ்த்தி, "யார் இறந்துபோனது?" என்று கேட்டார்.

"துரை என்ன சொல்றாரு?" என்றார் நாகநாதன்.

"யாரும் சாகல, இது சந்தை" என்று மீரா சாகிபு துரைக்குச் சொன்னார். உங்கள் ஊரில் நடப்பது மாதிரியே நடத்துகிறோம் என்றும், கப்பல் சிநேகிதன் அனுப்பித் தாம் கண்ணால் பார்த்துவந்ததையும் சொன்னார். துரை நெற்றியைச் சுருக்கினார். "நீ என்ன கிழமை போனாய்?"

"ஞாயிற்றுக்கிழமை."

துரை முதலில் இருமினார். பிறகு கல்தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஞாயிறு சந்தை இல்லை, கடை இல்லை, எல்லாரும் கோயிலில் இருப்பார்கள். எங்கள் ஊர்ச் சந்தை வியாழக்கிழமை. மாடு கத்தும், கோழி கத்தும், மீன்காரி கத்துவதில் கோயில் மணியே கேட்காது. அதைப் பார்க்கத்தானே அந்தச் சிநேகிதன் உன்னை அனுப்பியிருப்பான் என்றார்.

மீரா சாகிபுக்குக் காது இரண்டும் சூடாயின. அந்தச் சந்தையில் இது புரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பகலில் சம்பாதித்த பேர், வாயைத் திறந்தால் போய்விடும். திறக்காவிட்டால் இருக்கும். கோட்டுக்குள்ளிருந்து ஜெபமாலை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சிரிக்கிறாரே, ரொம்பப் புடிச்சுப்போச்சா?" என்றார் நாகநாதன்.

மீரா சாகிபு ஒரு குறுக்குப் பாதை பார்த்தார். "துரை சொல்றாரு... இங்கிலாந்துல இப்ப மாறிப்போச்சாம். சந்தையில நல்லாச் சத்தம் போடுறாகளாம்."

நாகநாதன் முகம் விளக்கேற்றியது போல ஆனது. "பாத்தீகளா! அவனே கெட்டுப்போயிட்டான். நாமதான் சுத்தமா வச்சிருக்கோம். இங்கிலீஷ்காரனையே முந்திட்டோம்! ஏலே, எடு அந்தத் தீர்மானப் பொஸ்தகத்த!"

குறுக்குப் பாதை இப்படித்தான் முள்ளில் கொண்டுபோய் விடும். மீரா சாகிபு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"நிறுத்துங்க தம்பி. துரை அப்பிடிச் சொல்லல. நான் போனது ஞாயித்துக்கெழம. அன்னைக்கு அவுகளுக்குச் சந்தையே கெடையாதாம். பூட்டிக் கெடந்த ஊரப் பாத்துட்டு, அதத்தான் அமைதி அமைதின்னு ஒங்ககிட்டச் சொல்லியிருக்கேன். அங்கயும் கத்தித்தான் விக்கிறாக. நம்மளவிடக் கத்துறாகளாம்."

நாகநாதனின் பேனா காற்றிலேயே நின்றது. "ஒருநாளைக்கு ரெண்டு தடவ சொன்னீகளே காக்கா, பத்து வருசமா!"

"சொன்னேன் தம்பி."

"நான் கல்லு நட்டிருக்கேனே!"

"கல்லு இருந்துட்டுப் போகுது. ஆட்டுக்கு ஆகும்."

ஜெபமாலை அதற்கு மேல் பொறுக்கவில்லை. போர்த்தியிருந்த துணியை உருவி எறிந்தாள். "சீலாக் கருவாடேய்! நெத்திலிக் கருவாடேய்! கடலே எந்திரிச்சு வந்து ஒக்காந்திருக்கு, வா ராசா வா!" அடக்கிவைத்த வாரங்களுக்கெல்லாம் சேர்த்து வந்த சத்தம் அது. துரை அரையடி பின்னால் போனார். அப்புறம் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். பக்கத்தில் வெற்றிலைக்காரர் கத்தினார், அவருக்குப் பக்கத்தில் சேவலும் கத்தியது. யாரும் விசாரிக்கவில்லை. துரையே கருவாட்டுக்குப் பேரம் பேசினார். ஜெபமாலை இங்கிலீஷ் தெரியாத வாயால் அவருக்கு விலை சொல்லி, அவர் கேட்டதற்கு மேலேயே விற்றாள்.

நாகநாதன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். டவுன் ஆசை மட்டும் போகவில்லை. துரை காரில் ஏறும்போது, ரயில் நிற்கிற ஊருக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டீக்கடையில் சீனி முகம்மது, "வாங்க, ஞாயித்துக்கெழமக் காக்கா" என்றார். அந்தப் பேர்தான் கடைசிவரை நின்றது. லண்டனைத் திரும்ப யாரும் கொடுக்கவில்லை.

துரை வந்துபோன அன்று, சந்தை முடிந்து மீரா சாகிபு வீட்டுக்கு வந்தார். மனைவி மஜீதா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் அவளும் தெருவில் கேட்டிருந்தாள்.

"அந்த ஊரு சனமெல்லாம் அன்னைக்கு எங்கனதான் இருந்துச்சாம்?"

"கோயில்லயாம். வணக்கத்துல இருந்திருக்காக."

மஜீதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. "வெள்ளிக்கெழம ஜும்மாத் தொழுகை நேரத்துல ஒரு வெளியூர்க்காரன் நம்ம தெருவுல நடந்தா எப்பிடி இருக்கும்? கடை பூட்டி, ஒரு ஆம்பள கெடையாது. அவனும் போயி, சிப்பிமணல்ல வாயே தொறக்கமாட்டாகன்னு பத்து வருசம் சொல்லுவான்."

"சொல்லுவான்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

"ஊரே உள்ள போயி ஆண்டவனத் தொழுதுக்கிட்டிருக்கு. வாசல்ல நின்னு சந்தை எங்கே, சந்தை எங்கேன்னு கேட்டவுக நீங்க ஒருத்தர்தான்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டார் மீரா சாகிபு. சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்து, புரை ஏறிவிட்டது.