யாரு வண்டி?

முத்துமீனாவுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. திருநகரில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். தைத்த மூட்டைகளைப் பசுமலைப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தன் லோடு வேனில் அவளே ஓட்டிப்போய் இறக்குவாள். கணவர் சோலை ரேஷன் கடையில் விற்பனையாளர். சைக்கிளைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஓட்டத் தெரியாது. அதில் வருத்தமும் இல்லை.

கல்யாணமான புதிதில், கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது, கூரை திறந்த தாழ்ந்த கார் ஒன்று அவளைக் கடந்து போனது. ஓட்டியவள் ஒரு பெண். அப்போது பிடித்த ஆசை விடவில்லை. ஆனால் வீடு கட்ட வேண்டியிருந்தது, மகள் சத்யப்ரியாவைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. மகள் வேலைக்குப் போனபிறகு, கடையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு சோலையோடு பழைய கார் விற்கும் பால்பாண்டியிடம் போனாள். மஞ்சள் நிறத்தில் அதேபோன்ற கார் ஒன்று அங்கே நின்றது. கொஞ்சம் வயதானதுதான், ஆனால் இன்ஜின் நன்றாயிருந்தது.

பால்பாண்டி சாவியைச் சோலையிடம் நீட்டினான்.

"அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது. அவங்கதான் வாங்குறாங்க" என்றார் சோலை.

பால்பாண்டி சிரித்தான். "மேடத்துக்கு இது சரிப்படாதுண்ணே. கிளட்ச் ரொம்ப கனம். கியர் மாத்தத் தேவையில்லாத சின்ன வண்டி ஒண்ணு உள்ள இருக்கு, காட்டவா?"

முத்துமீனா அவன் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். திருமங்கலம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவந்து, அவன் காலடியில் உரசுவதுபோல் நிறுத்தினாள். அவன் வாயடைத்துப் போவான் என்று நினைத்தாள். அவனோ சோலையைப் பார்த்து, "நல்லா பழக்கிவிட்டுருக்கீங்கண்ணே" என்றான்.

மறுவாரம் பணம் கட்டப் போனபோது, பெயர் மாற்றும் பாரத்தில் சோலையின் பெயரை எழுதி வைத்திருந்தான்.

"எம்புட்டு தடவ சொல்றது? பணம் என்னுது, லைசென்ஸ் என்னுது. இவர் பேரு எதுக்கு?"

"வழக்கமா அப்படித்தான் மேடம் போடுறது."

"அந்த வழக்கத்த வேற யார்கிட்டயாவது வச்சுக்கங்க."

அவன் அதைக் கிழித்துப் புதிதாக எழுதும்வரை உட்காராமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் மலையம்மாளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டு, கொட்டாம்பட்டிப் பக்கம் சோலையின் சொந்த ஊருக்குப் போனாள். வண்டியில் இரண்டே சீட்டு என்பதால் சோலை பின்னால் பஸ்ஸில் வந்தார். டீக்கடை முன்னால் வண்டி நின்றதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். சோலைக்குச் சித்தப்பா முறையான மலையாண்டி காரைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"யாரு வண்டி? சோலை வாங்கிட்டானா? பய சாதிச்சுட்டான்யா. எங்க அவன்?"

"பஸ்ல வாரான்" என்றாள் மலையம்மாள். "வண்டி என் மருமகளுது. மாலை எதுவும் போடணும்னா அவளுக்குப் போடு."

மலையாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "வரட்டும், நேர்லயே சொல்லிக்கிறேன்."

முத்துமீனா இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். "நீங்க இப்பச் சொல்லலாம் மாமா. வாங்குனவ உங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அட, சும்மா ஒரு பேச்சுக்குத்தானம்மா" என்று டீக்கடைக்குள் போய்விட்டார்.

சோலை வந்து இறங்கியதும் நாலு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டு, "என்கிட்ட எதுக்குய்யா? அவட்ட சொல்லுங்க" என்றார். ஒரே ஒருவர் மட்டும் முத்துமீனாவிடம் வந்தார். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார்.

திரும்பும்போதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. மேலூர் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. மலையம்மாள் முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் வேகமாப் போகுமா இது?"

"போகும் அத்தை."

"அப்பப் போ."