என்னை ‘நீங்க’ என்று கூப்பிடுகிறவர்

என் கணவருக்கு ஒயரிங் வேலை. திண்டிவனம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் வீடு விழுப்புரத்தில். காலையில் பைக்கில் போனால் இருட்டுகிற சமயம் திரும்புவார். கிளம்புமுன் எனக்கு ஒரு போன் வரும்.

“இன்னாடி பண்ற? கெளம்பிட்டேன். மல்லாட்டை வாங்கிக்கினு வர்றேன், அவிச்சி வை.”

“நேத்து வாங்கின கடலையே கெடக்குது மாமா.”

“அது உங்கொப்பன் வீட்டுக்குக் குடுத்தனுப்பு. பாவம், மருமவன் பேரச் சொல்லித் துன்னட்டும்.”

இப்படித்தான் பேசுவார். என்னைச் சீண்டாமல் அவருக்கு ஒரு பொழுது போகாது. நானும் விட மாட்டேன். எங்கள் சண்டையைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் போன் வந்தது. ஆள் வரவில்லை. பைபாஸில் நாய் குறுக்கே வந்து பைக் சறுக்கியிருக்கிறது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்க அவர் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். “வீக்கம் வத்தினதும் எடத்துலயே வெச்சிடுவோம்மா” என்றார் டாக்டர். துணி மாற்றும்போது அவர் வயிற்றில் என் கை அந்த ஓட்டின் மேல் படும். உடனே கையை இழுத்துக்கொள்வேன்.

கண் திறந்து பல நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. கட்டிலருகே நின்ற என்னை வெகு நேரம் பார்த்துவிட்டு, “நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டார். வழக்கம்போலக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இவங்க யாரு என்று நர்ஸ் கேட்டதும், “என் சம்சாரம்ங்க” என்று சரியாகச் சொன்னார். என்னை மறக்கவில்லை. என்னோடு பேசும் பேச்சுதான் போய்விட்டிருந்தது. அந்த வார்டில் எல்லோரும் அவரிடம் ‘சாப்டுங்க, திரும்பிப் படுங்க’ என்றே பேசினார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் மறுபடியும் பேசப் பழகினார் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

மண்டையோட்டுத் துண்டைத் திரும்ப வைத்தார்கள். தலைமுடி வளர்ந்து தையலை மூடியது. நடந்தார், தானே குளித்தார். ஃபேனைப் பார்த்து ‘குடை’ என்று சொல்லிவிட்டு, தப்பு என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொள்வார். மிக்ஸி சத்தம் கேட்டால் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்து வீட்டில் போய்ச் சட்னி அரைத்துவந்தேன். மெல்ல மெல்ல அதெல்லாம் குறைந்தது. ‘நீங்க’ மட்டும் குறையவில்லை.

கோபமாவது வராதா என்று ஒருநாள் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். பழைய ஆளாக இருந்தால் தட்டைத் தள்ளி, தெருவுக்கே கேட்கும்படி என்னை ஏலம் விட்டிருப்பார். இவர் முழுக்கச் சாப்பிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். “நல்லா இருந்துச்சுங்க” என்றார். நான் தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

பார்த்துவிட்ட அத்தை என்னைக் கோபித்தாள்.

“எம்புள்ள உசுரோட வந்துக்கிறான். அடிக்கிறானா, குடிக்கிறானா? இன்னும் இன்னாடி ஓணும் உனக்கு?”

என்ன சொல்வது? பக்கத்திலேயே இருக்கிற புருஷனுக்காக ஏங்குகிறேன் என்றால் யாருக்குப் புரியும்?

என் போனில் அவர் முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. அவர் தூங்கும்போது கேட்பேன். ஒரு மத்தியானம் கேட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து வந்துவிட்டார்.

“யாருங்க அது? நல்லாப் பேசுறாரே.”

“நீதான் மாமா.”

போனை வாங்கிக் காதில் வைத்து மறுபடி மறுபடி கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நானும் இப்டிப் பேசணுங்களா?” என்று கேட்டுவிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, “இன்னாடி… பண்றீங்க?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். “உடு மாமா, நீ பேசுற மாதிரியே பேசு” என்றேன். அன்றிலிருந்து அந்த மெசேஜ்களை அவர் இருக்கும்போது போடுவதில்லை.

இப்போது ஏணி ஏறக் கூடாது என்பதால், விழுப்புரத்திலேயே ஒரு எலக்ட்ரிகல் கடையில் மத்தியானம் வரை உட்காருகிறார். போன மாதம், விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில் போனோம். சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் அம்மாதான் அன்று அவரை மடியில் கிடத்தி வைத்திருந்தாராம். அடையாளம் தெரிந்ததும் அடுப்பை விட்டு ஓடிவந்தார்.

“அட சாமி! பொழச்சிக்கினியா நீ?”

“பொழச்சிக்கினேங்க” என்றார் இவர்.

நான் அந்த அம்மாவைத் தனியே அழைத்து, “அன்னிக்கி எதாச்சும் சொன்னாராம்மா?” என்று கேட்டேன். பழைய ஆள் கடைசியாகப் பேசியது எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டியிருந்தது.

“இன்னாவோ சொன்னாரும்மா. லாரி சத்தத்துல காதுல உழல. எங்கையப் புடிச்சிக்கினவரு ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் உடல.”

அந்த அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முதலில் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்தார். பழையவர் அதை எனக்கு ஒருநாளும் விட்டதில்லை. இவர் எழுந்து நின்று வழிவிட்டார்.

“நீங்க இந்தப் பக்கம் வாங்க. காத்து வருது.”

உட்கார்ந்தேன். நல்ல காற்று. வயல்கள் போய்க்கொண்டிருந்தன. நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அவர், கால் வலிக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.