கடைசி ஆளுக்கு ஒரு துண்டு ஃபோம்

காசு கட்டி மலையேற வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கம்பெனி ஆளுக்கொரு ஃபோம் இருக்கை கொடுக்கிறது. மடித்தால் பைக்குள் போய்விடும். மூலையில் பச்சை இலை போட்டு, மறுசுழற்சி செய்தது என்று அச்சடித்திருக்கும். என் அக்காவுக்கு மட்டும் கிடையாது. ஒன்பது வருஷமாக இது என் நெஞ்சில் குத்திக்கொண்டு கிடக்கிறது. பழைய பிளாஸ்டிக் மேல் இருக்கிற இரக்கம்கூட வேலை செய்கிறவள் மேல் இல்லாத கூட்டம்.

அக்காவின் வேலை கடைசியில் நடப்பது. முன்னால் வழிகாட்டி போவான். எல்லோருக்கும் பின்னால் இவள். மூச்சு வாங்குகிறவர், ஷூ கடித்து நொண்டுகிறவர், படம் எடுக்க நின்றவர், யாரையும் விட்டுவிட்டு இவள் ஓரடி முன்னால் வைக்கக் கூடாது. வழிகாட்டிகள் இவளை ‘வால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “வால் இல்லாம எந்தக் குரங்குடா மரம் ஏறிச்சு?” என்று இவளும் விடமாட்டாள்.

கடைசியில் வருகிறவளுக்கு நடையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். ஒரு நாளில் இருபது இடத்தில் உட்கார வேண்டும், ஈரப் பாறையில், குளிர்ந்த மண்ணில். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஈரத்திலும் குளிரிலும் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். மேனேஜர் இன்னும் சுருக்கமாகச் சொன்னான்: “இந்த சீசன் பாக்குறேன். நொண்டினீங்கன்னா கீழ கேம்ப்ல பாத்திரம் கழுவுங்க.”

“அதை வீட்டுலயே கழுவுறேனே, அதுக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறணும்?” என்று அக்கா சிரித்தாள். ஆனால் அன்று சாப்பிடவில்லை. மேலே ஏறுவதுதான் அவளுக்கு வேலை, மற்றதெல்லாம் பிழைப்பு.

ஒன்று வாங்கிக்கொடுப்பதுதானே என்பீர்கள். கயிறு, மருந்துப் பெட்டி என்று பொதுச் சுமை போக, அவள் சொந்தச் சாமான் நாலு கிலோவைத் தாண்டக் கூடாது. கேட்டில் கொக்கித் தராசில் மாட்டிப் பார்ப்பார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூட வெட்டிப் போட்டவள் அவள். அப்படியும் மிச்சம் அறுபது கிராம்தான். எங்களுக்குக் கட்டுப்படியான விலையில் கடையில் இருந்த இருக்கையோ நூற்றிப்பத்து கிராம்.

நான் மெத்தைக் கடையில் ஃபோம் வெட்டுகிறவன். எனக்குத் தெரியாத ஃபோமா என்று ஒரு திமிர். வெட்டி மிஞ்சிய தூளையும் துண்டையும் பசை போட்டு அழுத்திச் செய்த பாளம் ஒன்று எங்களிடம் உண்டு. மறுசுழற்சி என்றால் அதுதான் அசல். கனமான சரக்கு, அதனால் மெல்லிசாகச் சீவினேன். ஐம்பத்தெட்டு கிராம். ஊரையே ஜெயித்த மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் நாளே மழை.

“ஃபோமாடா குடுத்தே? குடம் தண்ணி குடிச்சிருக்கு. பிழிஞ்சு பிழிஞ்சு கையும் போச்சு, உக்காந்த இடமும் போச்சு” என்று ஈரத் துண்டை என் மேல் எறிந்தாள்.

மெத்தை மழைக்குப் போகிற சாமான் இல்லை. இருபது வருஷம் மெத்தையே வெட்டினவன் புத்தியும் காய்ந்துதான் கிடந்திருக்கிறது. அது தண்ணீர் குடிக்குமா என்று ஒரு வாளியில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே! என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருந்தது.

அடுத்தது, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் சுற்றி வருகிற மெத்தென்ற வெள்ளை ஃபோம். தண்ணீர் குடிக்கவில்லை, எடையும் இல்லை. மூன்றாம் நடையில் காகிதமாகத் தட்டையாகிவிட்டது. பாறை அப்படியே உறுத்துகிறது என்றாள்.

பிறகுதான் அந்தக் கேம்ப்புக்கே போனேன். பின்னால் குப்பைமேட்டில் கம்பெனி தூக்கிப்போட்ட படுக்கைப் பாய்கள், ஓரம் கிழிந்தவை. ஒன்றைத் துடைத்து வாயை வைத்து ஊதினேன். காற்று அந்தப் பக்கம் போகவில்லை. குமிழியெல்லாம் தனித்தனியாக மூடியிருக்கிறது என்று அர்த்தம். தோளும் இடுப்பும் படுகிற இடம் நசுங்கியிருந்தாலும், கால் நீட்டும் பக்கம் புதுசு போல இருந்தது. அதில் வெட்டினேன். ஐம்பத்திரண்டு கிராம். ஒரு நாள் முழுக்க வாளியில் முக்கித் துடைத்தால் ஐம்பத்துமூன்று. மறுசுழற்சிக்கு இலை எதற்கு, ஒரு கத்தி போதாதா?

கேட்டில் மேனேஜர் கண்டுபிடித்துவிட்டான். “இது கம்பெனி சொத்தாச்சே?”

“சொத்துன்னா ஏன் சார் குப்பையில போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டியிருக்கிறாள்.

இரண்டு மாதம் இடுப்பு அவள் சொன்னபடி கேட்டது. போன வாரம் ஒரு பெரியவர் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். இலை போட்ட அவருடைய இருக்கை காற்றில் பள்ளத்துக்குப் போய்விட்டது. தூக்கிப்போக ஆள் வர நாலு மணி நேரம், விடாத தூறல். இந்த மகராசி தன்னுடையதை எடுத்து அவருக்குக் கீழே வைத்துவிட்டு, வெறும் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுப் படியைக் கையை ஊன்றித்தான் ஏறினாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“உனக்கு அறிவிருக்கா? திங்கக்கிழமை அந்த மேனேஜர் உன் நடையைப் பாக்க நிப்பான். நொண்டுனா தொலைஞ்சே!”

“மனுஷன் நடுங்குறாருடா. நான் சொகமா உக்காந்து வேடிக்கை பாக்கவா?”

“உன் இடுப்பு போனா அவரு வந்து தூக்குவாரா?”

“எப்படித் தூக்குவாரு? அவருக்கே கால் உடைஞ்சிருக்கு.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இப்படிப்பட்டவளுக்கு எந்த ஃபோமை வெட்டி என்ன பிரயோசனம் என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை சுடுதண்ணீர்ப் பையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்துச் சட்டைய வீட்டுல வெச்சுட்டுப் போறேன், எடை சரியாயிடும். திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு துண்டு வெட்டிக் குடு. ரெண்டும் ஒரே தடிமனா இருக்கட்டும் தம்பி. ஒண்ணு மெல்லிசா இருந்தா அதை நான்தான் எடுத்துக்குவேன், அப்புறம் நீ கத்துவே.”