சாதிக்கின் பெயர் இருந்த வரிகள்

போன வாரம் புது போன் வாங்கினேன். வாங்கிய சூட்டோடு செட்டிங்ஸில் இருக்கிற எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. அதில் கடைசியில், மூலையில், 'உரிமங்கள்' என்று ஒரு பக்கம் இருக்கும். பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். விரலால் தள்ளத் தள்ளப் பெயர்களாக வந்துகொண்டே இருக்கும். யார் யாரோ நிரல் எழுதி, ஊருக்குப் பொதுவாகச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் எடுத்துப் போட்டுத்தான் போனைச் செய்கிறார்கள். எடுத்தவன் எழுதியவனுடைய பெயரைப் போட்டாக வேண்டும், அதற்காக இந்தப் பக்கம். மயிலாப்பூரில் பஸ்ஸுக்கு நின்றபடி தள்ளிக்கொண்டே இருந்ததில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு அச்சு மை வாடை வரும். போனுக்கும் மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் சாதிக்தான்.

சிந்தாதிரிப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்தில் சாதிக் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். உள்ளே போனால் மை வாடை, வெளியே வந்தால் கூவம் வாடை. காற்று மாறினால் இரண்டும் சேர்ந்து வரும். அந்த நாளில் கணினித் தமிழ் பெரிய கூத்து. ஒரு கடையில் அடித்த தமிழை இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிளறியது போல இருக்கும். ஒவ்வொரு எழுத்துருவும் தனி ராஜ்ஜியம். வாடிக்கையாளர் ஒரு முழுப் புத்தகத்தையே ஃப்ளாப்பியில் கொண்டு வந்து கொடுப்பார். அது இவன் கணினியில் திறக்காது. முதலிலிருந்து திரும்ப அடிக்க வேண்டும். அடித்து அடித்து வெறுத்துப்போய், பிளஸ் டூவோடு நின்ற அந்த மனுஷன், தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். எந்த எழுத்துருவில் இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவான எழுத்துக்கு மாற்றித் தருகிற ஒரு மாற்றியை எழுதியே விட்டான்.

எழுதியதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டான். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். எழுதியவன் பெயர் சாதிக். எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், அடுத்தவருக்குக் கொடுங்கள், இந்த வரிகளை மட்டும் நீக்காதீர்கள். உலகத்திடம் அவன் கேட்டது அது ஒன்றைத்தான்.

எங்களுக்குப் பழக்கம் அடையாறில். மாதம் ஒரு சனிக்கிழமை, கட்டற்ற மென்பொருள் பைத்தியங்கள் நாங்கள் ஒரு பத்துப் பேர் கூடுவோம். நான்தான் அங்கே ஆஸ்தான பேச்சாளன். தாடி வேறு. அறிவு எல்லோருக்கும் சொந்தம், அதைப் பூட்டி வைப்பவன் அயோக்கியன் என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவேன். சாதிக் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவான்.

அப்புறம் எனக்குத் தி.நகரில் வேலை கிடைத்தது. பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், பதிப்பகங்களுக்கு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி. சேர்ந்த மாதமே, எழுத்துரு மாற்றி ஒன்று வேண்டும், ஒரு வாரத்தில் முடியுமா என்றார் மேனேஜர். முடியும் என்றேன். சாதிக்கின் கோப்புகளை இறக்கினேன்.

இதுவரை தப்பில்லை. அதற்காகத்தானே அவன் கொடுத்தான்? 'இது என் நண்பன் எழுதியது சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் நான் கண்டெடுத்தவன் ஆவேன், எழுதியவன் ஆக மாட்டேன். தலையில் இருந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கம்பெனி பெயரைப் போட்டு, அதன் கீழே என் பெயரைப் போட்டேன். ஏழு கோப்பு, ஏழு தடவை. கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் பொதுநிரலை எடுத்து விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகின்றன என்று நண்பர்கள் என்னிடம் வந்து கொதிப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திறப்பது? அந்த வேலையை நான் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்து முடித்தவன்.

சில மாதம் கழித்து சாதிக் அச்சக வேலையை விட நினைத்தான். உங்க ஆபீஸில் சொல்லேன் என்றான். இப்போது ஆள் எடுக்கவில்லை என்று மழுப்பினேன். அவனோ பேப்பரில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு சிடியுமாகத் தானே நேரே வந்து நின்றான். பட்டம் கிடையாது, அந்த சிடிதான் அவனுக்குப் பட்டம்.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். திரையில் அவன் நிரலும் 'என்' நிரலும் பக்கத்தில் பக்கத்தில், தலையில் இருந்த வரிகளைத் தாண்டி நடுப்பகுதி. நிரலுக்குள் எண்ணிக்கையைப் போட்டு வைக்கிற இடத்துக்கு அவன் விளையாட்டாக 'டீ' என்று பெயர் வைத்திருந்தான். அதைக்கூட நான் மாற்றவில்லை. திருட்டிலும் சோம்பேறித்தனம்.

"இவரு இதைத் தானே எழுதினதா சொல்றாரு. அப்படியே உன்னோடது மாதிரி இருக்கே?"

சாதிக் திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான். அவன் முகத்தில் அந்த நேரத்திலும் சந்தேகம் இல்லை, அதுதான் கொடுமை.

"ரெண்டு பேரும் இன்டர்நெட்ல ஒரே இடத்துலேர்ந்து எடுத்திருப்போம் சார்," என்றேன்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதியவனையே காப்பியடித்தவன் ஆக்கி அனுப்பினேன். மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியாமல். இரண்டு படி இறங்கி நின்றான்.

"எடுத்துக்கினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மச்சி. அதுக்குத்தானே போட்டேன். பேரை இன்னாத்துக்கு எடுத்தே?"

மீதிப் படிகளையும் இறங்கிப் போய்விட்டான். அடையாறு பக்கம் அவனும் வரவில்லை, நானும் போகவில்லை.

இப்போது அந்தக் கூட்டமும் இல்லை, தி.நகர் கம்பெனியும் இல்லை. எந்தத் தமிழும் எந்தக் கணினியிலும் திறக்கிறது. மாற்றியை யாரும் தேடுவதில்லை. சாதிக் நிரலைப் போட்டு வைத்திருந்த இலவசத் தளத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். அச்சகம் இருந்த இடத்தில் மோட்டார் ரிப்பேர் கடை. அங்கே விசாரித்தேன், சாதிக் எங்கே போனான் என்று தெரிந்தவர்கள் யாருமில்லை. அவன் நிரலில் எஞ்சியிருப்பது என் பழைய வன்தட்டில் இருக்கும் பிரதி மட்டும்தான், அவன் பெயர் இல்லாமல்.

நேற்று அதைத் திறந்து, அழித்த வரிகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். அவன் பெயர், ஊர், அந்த வேண்டுகோள், எல்லாம் வந்துவிட்டது. கடைசி வரிதான் எனக்கு மறக்கவே மறக்காத வரி. 'பொறுமையாகச் சோதித்துப் பிழைகளைச் சொன்னவன், என் உயிர்த்தோழன்' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தான். அழிக்கும்போது படித்துவிட்டுத்தான் அழித்தேன். அந்த வரியை மட்டும் என்னால் திரும்ப எழுத முடியவில்லை.