வீடு தூக்கும் விழா

ஒரகடம் கூட்டு ரோட்டில் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுநன்மை, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று மனிதர்கள் ஊரைக் கூட்டுவதற்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனைக்கும் என் கம்ப்யூட்டரில் மாதிரி இருக்கிறது. பெயர் வானமாமலை. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். அதனால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கண்ட விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறேன் என்று என் மனைவி குறைப்பட்டுக்கொள்வாள். நுழைக்காமல் எப்படிப் பத்திரிகை அடிப்பதாம்? யாருக்கு யார் மாமன், யார் பெயரை விட்டால் பந்தியில் சண்டை வரும் என்பதெல்லாம் கேட்டால்தானே தெரியும்.

போன ஆவணியில் ஒருநாள் வடக்குப்பட்டு லூர்தம்மாள் கடைக்கு வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சமையல் வேலை. அவள் புருஷன் யேசுராஜ் ஒரு குடோனில் செக்யூரிட்டி. அவரும் கூட வந்திருந்தார். ஆனால் கடைக்குள் வராமல் ரோட்டைப் பார்த்தபடி வெளியே நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, ஒரு இரநூறு பத்திரிகை வோணும்," என்றாள் லூர்தம்மாள்.

எனக்கு உடனே குறுகுறுப்பு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காள் தங்கை பிள்ளைகளின் கல்யாணமெல்லாம் முடிந்துவிட்டது. எல்லாம் நான் அடித்த பத்திரிகைதான்.

"என்ன விசேஷம்க்கா?"

"வூட்டத் தூக்கப் போறோம்."

"எங்க தூக்கிட்டுப் போறீய?" என்று கேட்டேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியவில்லை.

"எங்கயும் தூக்கினு போவல அண்ணாச்சி. இருக்கற எடத்துலயே மேல தூக்கறாங்க. ஜாக்கி வச்சு."

பிறகுதான் விவரம் சொன்னாள். வீடு கட்டியபோது அது ரோட்டைவிட ஒரு படி மேலே இருந்ததாம். அப்புறம் சுற்றிலும் கம்பெனிக்காரர்கள் மண்ணடித்து இடத்தை உயர்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உயரமாக அடித்தளம் போட்டுக் கட்டினார்கள். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டார்கள். இவள் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் பள்ளத்துக்குப் போய்விட்டது. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நேரே இவள் வாசலுக்குத்தான் வரும். கடைசியாக வந்த வெள்ளம் சுவரில் மூன்றடிக்கு மேல் கறை வைத்துவிட்டுப் போயிருந்தது. அன்று இரண்டு பேரும் மாதா கோயில் மாடியில்தான் படுத்திருந்தார்களாம்.

"தண்ணி வந்துட்டுப் போனா அரிசி குடுக்கறாங்க, பாய் குடுக்கறாங்க, பணமும் குடுக்கறாங்க. நான் கொற சொல்லல. ஆனா வர்றதுக்கு முன்னாடி குடுக்க ஒர்த்தரும் இல்ல அண்ணாச்சி."

ஒரு வங்கியில் கேட்டிருக்கிறாள். புது வீடா, மாடி எடுப்பதா, ரிப்பேரா என்று அங்கிருந்த அதிகாரி கேட்டிருக்கிறார். மூன்றும் இல்லை, வீடு நன்றாகத்தான் இருக்கிறது, உயரம்தான் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர் பாவம், தன் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடிவிட்டு, இதை எந்தத் தலைப்பில் போடுவது என்றே தெரியவில்லையம்மா என்று கைவிரித்துவிட்டாராம். மகளிர் குழுக் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கை வளையலை வைத்து வாங்கிய பணம் இரண்டடி தூக்கத்தான் வரும். நாலடி தூக்கினால்தான் நிம்மதி.

"அதான் மொய் வாங்கலாம்னு," என்றாள்.

வெளியே நின்ற யேசுராஜ் திரும்பிப் பார்த்தார். "கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு மொய் இல்லடி, பிச்சை," என்றார்.

"நான் போட்டப்போ பிச்சையாவா போட்டேன்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "நான் போகாத விசேஷம் கீதா அண்ணாச்சி? கல்யாணம் ஆன நாள்லருந்து போட்டுகினே கீறேன். ஒரு தபா கூட எனக்குத் திரும்பி வரல. யார் மேலயும் தப்பு இல்ல. எங்க வூட்டுலதான் ஒண்ணுமே நடக்கல."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பத்திரிகையும் அடித்துக் காசு வாங்கியவன் நான். இந்தப் பெண் பெயரில் ஒன்றுகூட அடித்ததில்லை என்பது அதுவரை என் புத்தியில் உறைக்கவில்லை.

அப்புறம் தலைப்புக்குத் தகராறு. 'புதுமனை புகுவிழா' என்று போட்டுவிடலாம், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அது பழைய வீடு, ஃபாதர் வந்து மந்திரித்த வீடு, மறுபடி எப்படிப் புகுவது, பொய் சொல்லி மொய் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். உதவி கேட்டு வந்தவளுக்கு இத்தனை ரோஷமா? கடைசியில் அவள் சொன்னதையே தலைப்பாகப் போட்டேன். 'வீடு தூக்கும் விழா.' என் வாழ்நாளில் அப்படி ஒரு பத்திரிகையை நானும் அடித்ததில்லை, வேறு எவனும் அடித்திருக்க மாட்டான்.

ஊர் சிரித்தது. அதோடு விடாமல் வழக்கும் பேசியது. என் கடைக்கு வந்தவர்களெல்லாம் அதே பேச்சுத்தான். ஒரு கட்சி, வாங்கிய மொய்யைத் திருப்பித்தான் ஆகவேண்டும், என்ன விசேஷம் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை என்றது. இன்னொரு கட்சி, பிறப்பு, பூப்பு, கல்யாணம் என்று மனுஷனுக்கு நடப்பதுதான் விசேஷம், சுவருக்கு நடப்பதெல்லாம் விசேஷமா என்றது. இரண்டாம் கட்சியில் பேசியவர்கள் பாதிப் பேர் லூர்தம்மாளிடம் மொய் வாங்கியவர்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர்களும் என் வாடிக்கைக்காரர்கள், அதனால் அடக்கிக்கொண்டேன்.

வீடு தூக்கும் ஆட்கள் ஹரியானாக்காரர்கள். தலைவரை எல்லோரும் 'பையா' என்றே கூப்பிட்டார்கள், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். நரைத்த மீசை, அறுபதைத் தொடும் வயது. இந்தப் பக்கம் ரொம்ப வருஷமாக வீடு தூக்குகிறாராம். தமிழைக் கொத்தனார்களிடம் கற்றுக்கொண்டவர். அந்தத் தமிழில் 'நீங்க' கிடையாது, கலெக்டரே வந்தாலும் 'நீ'தான்.

நான் கடையைச் சாத்திவிட்டுப் போய் நின்று பார்த்தேன். பார்க்காமல் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. சுவரின் அடியில் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைக்கிறார்கள். லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே, அதே மாதிரிதான். ஒரு ஆளுக்கு ஐந்தாறு ஜாக்கி. பையா விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்றுச் சுற்றுகிறார்கள். மறுபடி விசில், அடுத்த ஜாக்கி. உள்ளே அடுப்பங்கரையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைக்கச் சொன்னார். "ஒரு சொட்டு கீழ வந்தா காசு தராத," என்று லூர்தம்மாளிடம் சவால் வேறு. வீடு மேலே போவது கண்ணுக்குத் தெரியவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், வாசல்படிக்கும் கதவுக்கும் நடுவே என் கை நுழைந்தது. டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது.

இரண்டடி ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்த பணம் அதுவரைக்கும்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழா, திங்கள்கிழமை காலையில் அடியில் விழுந்த இடைவெளியைக் கட்டி அடைக்கும் செங்கல் வேலை. அதற்குப் பிறகு ஜாக்கிகளெல்லாம் தாம்பரம் பக்கம் வேறு ஒரு வீட்டுக்குப் போய்விடும். எத்தனை அடி தூக்குவதென்றாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் வந்தாகவேண்டும்.

தெருவில் பந்தல் போட்டு, லூர்தம்மாளே நின்று பிரியாணி செய்தாள். ஷிப்ட் முடிந்த பையன்கள் கம்பெனிச் சட்டையோடு வந்தார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம் வந்தது. சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் முதலில் குனிந்தார்கள். குனிந்து, வீட்டுக்கு அடியில் அந்தப் பக்கத்துத் தெரு தெரிவதைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் இலைக்குப் போனார்கள். சுவருக்கு என்ன விசேஷம் என்று வழக்குப் பேசிய மனிதர்களும் வந்தார்கள். "நேர்ல பார்த்தா விசேஷம் மாதிரிதான் கீது," என்று சொல்லிக்கொண்டே மொய் வைத்தார் ஒருவர்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மொய் எழுத என்னையே உட்கார வைத்திருந்தார்கள். கொத்தனார் சுப்பன் வந்து என் முன்னால் தலையைச் சொறிந்தார். அவர் மகள் காதுகுத்துக்கு லூர்தம்மாள் போய்வந்திருக்கிறாள். "கையில காசு இல்ல அண்ணாச்சி. நாளைக்கும் மறுநாளும் செங்கல் வேலைக்கு நான் வர்றேன். கூலி வோணாம். அத மொய்யா எழுதமுடியுமா?" என்று கேட்டார். எழுத முடியுமா என்று எனக்கும் தெரியாது. எழுதினேன். பையா பக்கத்தில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்ததில், மூன்றாவது அடிக்குப் பணம் தேறியது. நாலாவது அடிக்கு இல்லை. லூர்தம்மாள் சுவரில் இருந்த பழைய வெள்ளக் கறையைப் பார்த்தாள். மூன்றடி தூக்கினாலும் அந்தத் தண்ணீர் வந்தால் உள்ளே ஒரு சாண் நிற்கும். "பரவால்ல. கட்டில்மேல ஒக்காந்துக்கலாம்," என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கட்டில்மேல் உட்கார்வதற்காகவா இத்தனை பாடு?

பையா கையைக் கழுவிவிட்டு என் மேஜைக்கு வந்தார். "எழுது," என்றார். "என் பேர் எழுது. ஒரு அடி."

"என்ன பையா, வெளாடுதீயளா?"

"எங்க ஊர்லயும் இது கீது. வேற பேர். கல்யாணத்துல நோட்டு போட்டு எழுதுவாங்க. நான் இந்த அம்மா பிரியாணி சாப்ட்டேன். மொய் எழுதாம போனா தப்பு. ஒரு அடி எழுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் லூர்தம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க வூட்ல இன்னா விசேஷம் வருது பையா? பொண்ணு கீதா?"

"பொண்ணு இல்ல. ரெண்டு பையன். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு."

"பேரப் புள்ளைங்க?"

"அதெல்லாம் சடங்கு முடிஞ்சுது. இனிமே என் சாவுதான்," என்று சிரித்தார்.

"அப்ப வோணாம்," என்றாள் அவள்.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யேசுராஜுக்கே தாங்கவில்லை. "தானா வந்து குடுக்கறாரு, வாங்கிக்கயேன்," என்று அதட்டினார்.

"மாட்டேன்யா. போட்டுகினே கீறது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். திரும்பி வர வழியே இல்லாம போடறது. ஒவ்வொரு பந்தியிலயும் சிரிச்சுகினே போடணும். அத நான் இன்னொருத்தருக்குச் செய்யமாட்டேன். மூணடி போதும், செங்கல் எடுங்க," என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் அவளை எல்லா விசேஷத்திலும் சிரித்த முகமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் உண்மை என்று நம்பியிருந்தேன்.

பையா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். செங்கல் வீடு ஒன்று. முட்டளவுத் தண்ணீரில் ஒரு கிழவி கட்டிலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"என் வூடு. யமுனா பக்கம். மழைல தண்ணி உள்ள வரும். இது என் பொண்டாட்டி."

"ஊர்ல கீற வூட்டயெல்லாம் தூக்கறீங்க, உங்க வூட்ட ஏன் தூக்கல?" என்று லூர்தம்மாள் கேட்டாள். நான் கேட்க வாயெடுத்த கேள்வி அது.

"ஊருக்குப் போனா பத்து நாள் லீவு. வூடு தூக்கப் பத்து நாள் பத்தாது. வேலை நின்னா காசு இல்ல." அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பையங்க இந்த வேலதான செய்யறாங்க?"

"ஆமா."

"அப்ப வர்ற வெயில் காலத்துல தூக்குங்க. நாலு பேரக் கூப்டுங்க. எனக்கும் சொல்லுங்க, நான் வர்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "இப்ப எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினேன். விடிவதற்குள் மீதி இரண்டடியையும் ஏற்றிவிட வேண்டும் என்று பையா விசிலை எடுத்தார். அதுவரை ஒதுங்கி ஒதுங்கி நின்ற யேசுராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனக்கும் ஒரு ஜாக்கி வேண்டும் என்று கேட்டார். மூலையில் ஒன்றைக் கொடுத்தார்கள். விசிலுக்கு ஒரு நொடி முந்திச் சுற்றி, பையாவிடம் தமிழிலும் இந்தியிலும் திட்டு வாங்கினார். ஆனாலும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கார்த்திகையில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி, தண்ணீர் வழக்கம்போல லூர்தம்மாள் வாசலுக்கு வந்தது. புதுப் படிகளில் பாதிவரை ஏறி, இரண்டு நாள் நின்று, இறங்கிப் போய்விட்டது. நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்டர் முடிந்து இரண்டு பேரும் ரயிலேறினார்கள். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போகாதவர்கள், டில்லி போய், அங்கிருந்து பஸ் மாறி, யமுனைக் கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பையா வீட்டில் ஜாக்கி ஏறும்போது கூடவே இருந்திருக்கிறார்கள். பையாவின் மனைவிக்கும் லூர்தம்மாளுக்கும் பேச ஒரு பாஷையும் இல்லாமல், சப்பாத்தி சுட்டுக்கொண்டே ஐந்து நாள் ஓடியிருக்கிறது.

திரும்பி வந்ததும் கடைக்கு வந்தாள். எவ்வளவு மொய் வைத்தாள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஓரடி வாங்கினேன். அதையே திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? சீட்டுப் பணத்த எடுத்து ஒண்ணரை அடிக்கு வச்சுட்டு வந்தேன்," என்றாள்.

அப்புறம் அவள் முகம் மலர்ந்தது. பந்தியில் சிரிக்கும் சிரிப்பு இல்லை, இது வேறு.

"அரை அடி இப்ப அவங்கதான் எனக்குத் தரணும் அண்ணாச்சி."