ஏழு நிமிடத் தூரம்

மோயெலாங்கிக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் பதினோரு வருடம் ஒரு தொலைபேசியின் பக்கத்திலேயே கழிந்துவிட்டது. சவாயி தீவின் வடகரையில் இருந்த அவள் ஊருக்கு அது ஒன்றுதான் தொலைபேசி. நாட்டில் இருந்த ஒரே கம்பெனி, ஊர்ப் பெரியவர்கள் பல வருடம் நடையாய் நடந்த பிறகு, அவள் வீட்டு முன்னறையில் அதை வைத்துவிட்டுப் போயிருந்தது.

கடல் தாண்டி ஆக்லாந்து நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்களில் யார் கூப்பிட்டாலும் அவள்தான் எடுப்பாள். பிறகு வாசலுக்கு வந்து ஆளைக் கூவி அழைப்பாள். தேவாலயப் பாட்டில் பழகிய குரல், ஈரப்பலா மரங்களைத் தாண்டிக் கடற்கரை வரை மிதந்து போகும். ஆள் வந்து சேரட்டும் என்று கூப்பிட்டவர்கள் வைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு நிமிடம் காசு பறந்த காலம் அது.

பெனியமினா மட்டும் வைக்க மாட்டான்.

ஒரு காலத்தில் அவள் பக்கத்தில் நின்று பாடியவன். படுக்கையில் கிடந்த அப்பாவை விட்டுவிட்டு அவளால் அவனோடு கப்பலேற முடியவில்லை. அங்கே அவன் வேறு ஒருத்தியை மணந்தான். அவளும் நோயில் போய்ச் சேர்ந்தாள். வியாழன்தோறும் நாலு மணிக்கு அம்மா ஃபாமனுவுடன் பேச அவன் கூப்பிடுவான். ஃபாமனு ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வர ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடமும் மோயெலாங்கியுடையது.

"இங்க இப்ப வெள்ளிக்கிழமை. உனக்கு நாளைக்குத்தான் வரும்," என்பான். ஆக்லாந்தின் நாள்காட்டி அவள் தீவைவிட ஒரு நாள் முந்தி ஓடும்.

"நாளைக்கு எப்படி இருக்கு பெனி?"

"குளிருது. நீ இல்ல."

மீதி ஆறு நாளும் 'நீ இல்ல' என்ற அந்த இரண்டு வார்த்தைகளின் ஈரத்திலேயே அவள் உயிர் வாழ்ந்தாள்.

பிறகு அரசாங்கம் மற்ற கம்பெனிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. இன்னொரு கம்பெனிக்காரன் மலைமேல் கைபேசிக் கோபுரம் நட்டான். ஊர்த் திடலின் ஒரு மூலையில் புதுக் கம்பெனி வண்டி வந்து குடை விரித்தது. விஷயம் தெரிந்து பழைய கம்பெனியும் எதிர் மூலையில் வந்து நின்றது. இவன் விலையைக் குறைக்க, அவன் இன்னும் குறைத்தான். போட்டி போட்டுப் பாடும் இரண்டு தேவாலயங்கள்போல ஒலிபெருக்கிகள் அலறின. ஒரே மாதத்தில் வீட்டுக்கொரு கைபேசி. ஊரே சிரித்தது. மகளின் பிரசவச் செய்தியை மீன்பிடிப் படகிலிருந்தே கேட்டு ஒருவன் தண்ணீரில் குதித்தான்.

ஃபாமனுவின் கையிலும் ஒன்று வந்தது. முதல் மணியிலேயே அவள் எடுத்துவிடுவாள்.

மூன்று வியாழக்கிழமைகள் மோயெலாங்கியின் முன்னறை கல்லறையாய்க் கிடந்தது. நாலு மணி வரும், போகும். எண்ணைக் காட்டாத அந்தப் பழைய கருவியில் அவன் எண் ஒருநாளும் விழுந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. மறந்துவிட்டானா? அந்த ஏழு நிமிடமும் வெறும் காத்திருப்புதானா? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

நாலாவது வியாழன் அவள் எழுந்தாள். திடலில் ஒரு கைபேசி வாங்கினாள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல், கனவில் நடப்பவளைப்போல ஓடையைக் கடந்தாள். ஒருவனின் எண்ணை அவன் தாயிடம் போய்க் கேட்பதென்றால் மனசில் இருப்பதை ஊரறியச் சொல்வதற்குச் சமம். தெரிந்தேதான் நடந்தாள்.

ஃபாமனு வீட்டில் பெண்கள் உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தார்கள்.

"அடடே, ஊருக்கெல்லாம் ஃபோன் எடுத்தவ இப்பத்தான் சொந்தமா ஒண்ணு வாங்கியிருக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு இயானெட்டா. "யாரைடி கூப்பிடப் போற, பாதிரியாரையா?"

மோயெலாங்கி அவளைப் பார்க்கவில்லை. "அம்மா, பெனியோட நம்பர் வேணும்."

முடைந்த கைகள் அத்தனையும் நின்றன.

"நம்பர் வேணுமா, புள்ளை வேணுமா?" என்றாள் ஃபாமனு.

மோயெலாங்கி சொன்னாள்: "ரெண்டும்."

"ஏழு நிமிஷக் காசு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடி? மூணு வாரமா என்கிட்ட 'மோயெலாங்கி எப்படி இருக்கா'ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுடறான், பாவி! அந்தப் பழைய ஃபோன்ல கூப்பிடேண்டான்னா, 'நீ பேச அங்க வரப்போறதில்ல, என்ன சாக்கு சொல்லிக் கூப்பிடுவேன்'ங்கறான். ஆனா நம்பரெல்லாம் எனக்கு எடுக்கத் தெரியாது. இந்தா என் ஃபோன், பச்சைப் பொத்தானை அமுக்கு, அவன் வருவான்."

அமுக்கினாள். மணி அடித்தது. கடலுக்கு அந்தப் பக்கம், நாளைய வெளிச்சத்தில், அவன் எடுத்தான்.

"சொல்லும்மா."

"நான்தான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல யாரு?"

"எல்லாரும் இருக்காங்க பெனி. எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்," என்றான். குரல் உடைந்திருந்தது. "உனக்கு ஃபோன் இருக்கா? நம்பர் சொல்லு. பேனா எடுத்துட்டேன்."

அவளுக்குத் தன் எண் தெரியாது. இயானெட்டா பெட்டியைப் பிடுங்கிக் கிழித்து, உள்ளே இருந்த அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து ஒவ்வொன்றாய்ப் படித்தாள். பெண்கள் எல்லோரும் பாட்டுக்குப் பின்பாட்டுப்போல அதைத் திரும்பச் சொன்னார்கள். மோயெலாங்கி அழுதுகொண்டே ஒவ்வொரு இலக்கத்தையும் அவன் காதில் போட்டாள். கடைசி இலக்கத்தில் ஃபாமனு கைபேசிப் பக்கம் குனிந்து கத்தினாள்:

"ஒம்பதுடா, ஒம்பது! ஒழுங்கா எழுதிக்கோ!"